பத்து ஆண்டுகள் முடிச்சில் ஏறிய கைக்குப் புதிய கயிற்றுக் கருவியைப் பழக்குவது எப்படி?

கேள்வி: கொம்பேறி (சிங்கப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் சாலையோர மரங்களில் ஏறிக் கிளை கழிக்கும் வேலையைப் பத்து ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். முதல் நான்கு ஆண்டுகள், கயிற்றைச் சுற்றிப் போட்டால் எடை விழும்போது இறுகிப் பிடித்துக்கொள்ளும் பிளேக் முடிச்சில் ஏறினேன். அதன் பிறகு இன்றுவரை, அடியில் சிறு கப்பி வைத்த வால்டோட்டன் முடிச்சில்தான் ஏறுகிறேன். கவட்டையின் மேல் கயிற்றைப் போட்டு, ஒரு முனையை இடுப்பில் கட்டும் ஹார்னஸில் மாட்டி, மறுபக்கம் இறங்கி வரும் கயிற்றில் முடிச்சைச் சுற்றி ஏறும் இந்த இரட்டைக் கயிற்று முறையில் என் கைக்குப் பழகாதது எதுவும் இல்லை என்றே நினைத்திருந்தேன்.

சென்ற மாதம் எங்கள் குழுவில் ஏறும் நால்வருக்கும் முடிச்சுக்குப் பதிலாக, கயிற்றைக் கடித்துப் பிடித்து நெம்புகோலை அழுத்தினால் விடும் பெட்ஸல் ஜிக்ஜாக் என்ற உலோகக் கருவியைக் கொடுத்தார்கள். கூடவே புதிய கயிறும், கிளையின் பட்டை தேயாமலிருக்க மேலே மாட்டும் கப்பி வைத்த வாரும் வந்தன. முதல் நாளே ஒரு வேறுபாடு தெரிந்தது. ஏறுவது வியக்கத்தக்க அளவுக்கு எளிதாகிவிட்டது. கயிற்றை இழுத்தால் தொய்வு தானாகவே கருவிக்குள் ஓடிவிடுகிறது. ஆனால் இறங்கும்போது என்னால் சீராக இறங்க முடியவில்லை. நெம்புகோலைக் கொஞ்சம் அழுத்தினால் நகர்வதில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஓரடி சட்டென்று இறங்கி நிற்கிறது. முடிச்சில் இருந்தபோது ஒரு சாண் வேண்டுமென்றால் ஒரு சாண் மட்டுமே இறங்குவேன்.

இதை எழுத வைத்தது போன வாரம் நடந்த நிகழ்ச்சி. ஏறக்குறைய ஆறு மீட்டர் உயரத்தில், பயிற்சிக்காக ஏறிய ஒரு தூங்குமூஞ்சி மரத்தில், கிளையோரம் போய்விட்டுத் தண்டை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தேன். தலையில் இடித்த ஓர் இலைக்கொத்தில் முசுறுக் கூடு இருந்திருக்கிறது. கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் எறும்புகள் ஒரே நேரத்தில் கடித்தன. அந்தப் பதற்றத்தில் என் வலக்கை கருவியை முழுதாகப் பற்றி இறுக்கியது. இறுக்கியவுடன் கீழே போனேன். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடவே இறங்கிய பிறகு, எதனால் என்று எனக்கே தெரியாமல் கை விலகியது, கருவி பிடித்துக்கொண்டது. முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. ஆனால் அன்று முதல் அந்தக் கருவியில் உட்காரும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

கருவியில் குறை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மற்ற மூவரும் அதில்தான் ஏறுகிறார்கள். என் கையை எப்படி மாற்றுவது, இறக்கத்தைச் சீராக்குவது எப்படி, முழு வேலைக்குப் போகும் முன் எவ்வளவு காலம் பழக வேண்டும் என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: பழைய கவட்டை (சிங்கப்பூர்)

தம்பி, முதலில் அந்தச் சிராய்ப்போடு போனதற்கு மகிழ்ச்சி. நீங்கள் எழுதியதில் ஒரு செய்தி என் கண்ணில் பட்டது, அதிலிருந்தே தொடங்குகிறேன். கருவியும் கயிறும் கப்பி வைத்த வாரும் ஒரே நாளில் உங்கள் கைக்கு வந்திருக்கின்றன. மூன்று பொருள்கள் ஒரே நேரத்தில் மாறியிருக்க, நடந்த அனைத்தையும் நீங்கள் கருவியின் கணக்கிலேயே எழுதுகிறீர்கள்.

கயிறு வெறும் கவட்டையின் மேல் கிடந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். நீங்களும் உங்கள் சாமான்களும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இறங்கும்போது கயிறு பட்டையின் மேல் உரசிக்கொண்டு போகிறது. அந்த உராய்வு உங்கள் எடையில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொள்கிறது. அதனால் முடிச்சுக்கு வந்து சேர்ந்தது பாதிக்கும் குறைவான எடை, முப்பது கிலோவோ அதற்கும் குறைவோதான். இப்போது மேலே கப்பி சுழல்கிறது, உராய்வு ஏறக்குறைய இல்லை. இரண்டு கயிறுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதால் கருவியின் மேல் முழுதாக 45 கிலோ வந்து நிற்கிறது. ஏறுவது திடீரென்று எளிதானதற்கும் இறங்குவது முரண்டு பிடிப்பதற்கும் காரணம் ஒன்றேதான்: ஏறும்போது உங்களை எதிர்த்த உராய்வு, இறங்கும்போது உங்களுக்குத் துணை நின்றது, இப்போது இரண்டுமே போய்விட்டன. கப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, வளையம் மட்டும் வைத்த வாரைக் கேட்டு வாங்கி மாட்டிப் பாருங்கள். பட்டைக்கும் சேதம் வராது, ஓரளவு உராய்வும் திரும்பக் கிடைக்கும்.

அடுத்தது கயிறு. தொழிற்சாலையிலிருந்து வந்த புதுக் கயிறு வழுவழுப்பாக இருக்கும், எந்தப் பிடிமானத்திலும் வேகமாகவே ஓடும். ஒரு நாள் முழுதும் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் மெதுவாக உலர்த்துங்கள். கொஞ்சம் சுருங்கும், மேலுறை உள்ளிழையோடு இறுகும், வழுக்கலும் குறையும். சுருங்கிய பிறகு நீளத்தை மறுபடி அளந்து, அடி முனையில் நிறுத்து முடிச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

இனிப் பதறிய கைக்கு வருகிறேன், இதுதான் நான் உண்மையில் சொல்ல விரும்புவது. பிடித்து இறுக்கினால் ஆபத்து என்பது உங்கள் வால்டோட்டன் முடிச்சிலும் இருந்தது. அதன் தலையைப் பற்றிக் கீழே அழுத்தினால் அதுவும் ஓடத்தான் செய்யும். ஆனால் முடிச்சு உங்களுக்கு முன்னறிவிப்புக் கொடுத்தது. முதலில் இழைகள் நெகிழும், உள்ளங்கைக்குச் சூடு தெரியும், ஒரு நீண்ட முனகலோடு நகரத் தொடங்கும், அதற்குள் கை விழித்துக்கொள்ளும். இந்தக் கருவியில் பூட்டிய நிலைக்கும் திறந்த நிலைக்கும் நடுவே நெம்புகோல் நகரும் தூரம் மிகச் சிறியது. சங்கிலி போன்ற அந்தத் துண்டுகள் வளைந்திருக்கும்வரை கயிற்றைக் கடிக்கும், நிமிர்ந்தால் விட்டுவிடும். பதற்றத்தில் இறுக்கினால் தானே பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு சில இறக்கக் கருவிகளில் உண்டு, இதில் கிடையாது. ஆகவே, இறுக்குவது என்ற பழைய இயல்புக்குப் பதிலாக விடுவது என்ற புதிய இயல்பைக் கைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

நான் பயிற்சி கொடுத்தவர்களுக்குச் செய்வித்ததைச் சொல்கிறேன். கால் தரையில் படாத அளவுக்கு, முழங்கால் உயரத்தில் கருவியில் உட்காருங்கள். நெம்புகோலின் மேல் இரண்டு விரல்கள் மட்டும் இருக்கட்டும். உள்ளங்கை கருவியில் படவே கூடாது. மற்ற கை கருவிக்குக் கீழே போகும் வால் கயிற்றைப் பிடித்திருக்கட்டும். மெதுவாக இறங்கத் தொடங்குங்கள். உங்களுக்குப் பின்னால் நிற்கும் ஒருவர், தாம் நினைத்த நேரத்தில் உங்கள் தோளில் தட்ட வேண்டும், அல்லது ஓர் இலைக்கொத்தைக் கழுத்தில் எறிய வேண்டும். அது நிகழ்ந்த நொடியில் வலக்கை விரிந்து மேலே எழ வேண்டும். நாளைக்கு இருபது முறை, இரண்டு வாரம். அலுப்பாக இருக்கும், ஆனாலும் செய்யுங்கள். பிறகு இரண்டு மீட்டர், பிறகு நான்கு மீட்டர். அதுவரை வேலையைப் பழைய முடிச்சிலேயே செய்யலாம் என்று உங்கள் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும்: எறும்பு கடித்தபோது உங்கள் இடக்கை எங்கே இருந்தது?

பதில்: ஓக்நிழல் (இங்கிலாந்து)

கொம்பேறி அண்ணாவுக்கு வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இங்கிலாந்தில் ஒன்பது ஆண்டுகளாக மரம் ஏறும் தொழிலில் இருக்கிற பெண். டிஸ்டல் முடிச்சிலிருந்து இதே வகைக் கருவிக்கு மாறியபோது நானும் உங்களைப் போலவே தடுமாறினேன்; எனக்கு ஏறக்குறைய ஆறு வாரங்கள் பிடித்தன.

பழைய கவட்டை ஐயா எழுதியதில் ஓர் இடத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. பகலில் முடிச்சிலும் மாலையில் கருவியிலுமாக மாறி மாறி ஏறுவது எனக்குப் பெரும் குழப்பத்தைத் தந்தது. முடிச்சை நெகிழ்த்த முழுக் கையாலும் அழுத்த வேண்டும்; கருவிக்கு இரண்டு விரல்கள் போதும். எட்டு மணி நேரம் முதல் பழக்கத்தை உறுதிப்படுத்திவிட்டு, அரை மணி நேரம் இரண்டாவதைப் பழகினால் எது வெல்லும்? நான் இரண்டு வாரம் மேலே ஏறும் வேலையையே விட்டுவிட்டு, கீழே நின்று கொப்புகளை இழுத்துக் கொடுத்தேன். கருவியைத் தவிர வேறெதிலும் தொங்கவில்லை. எல்லா இடத்திலும் அதற்கு அனுமதி கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

கிளையோரம் நடப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் தூங்குமூஞ்சி போன்ற அகன்ற மரங்களில் வேலையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும். வெளியே போகும்போது நாம் கயிற்றை விட்டுக்கொண்டே போகிறோம், அதாவது நெம்புகோல் தொடர்ந்து சற்றே திறந்திருக்கிறது. கால் கிளையின் மேல் இருப்பதால் கருவியின் மேல் முழு எடையும் இல்லை. எனவே விரலுக்கு அது மிக இலேசாகத் தெரிகிறது. கால் வழுக்கினால் அந்த நொடியில் முழு எடையும் வந்துவிடும், விரலோ இலேசான எடைக்குப் பழகிய அழுத்தத்திலேயே இருக்கும். ஆகவே ஓரடி வைப்பதற்கு மட்டும் கயிற்றை விட்டு, நெம்புகோலிலிருந்து விரலை எடுத்து, கருவியில் சாய்ந்து எடையைக் கொடுத்துப் பார்த்து, அதன் பிறகே அடுத்த அடியை வைக்கப் பழகினேன். பார்ப்பதற்கு மிக மெதுவாகத் தெரியும், ஆனாலும் எனக்குக் கருவியின் மேல் நம்பிக்கை வந்தது அந்தச் சாய்வினால்தான். திரும்பி வரும்போது நிலைமை வேறு. வால் கயிற்றை இழுத்தாலே தொய்வு உள்ளே போய்விடும், நெம்புகோலைத் தொட வேண்டிய தேவையே இல்லை. உங்கள் நிகழ்ச்சி திரும்பி வரும்போது நடந்திருக்கிறது, அப்படியானால் வலக்கை கருவிக்குப் பக்கத்தில் ஏன் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் கருவி 11.5 முதல் 13 மில்லிமீட்டர் வரையான கயிற்றுக்கு உரியது. உங்கள் புதிய கயிற்றின் அளவைச் சீட்டில் பார்த்து உறுதிசெய்யுங்கள். மெல்லிய கயிறு வேகமாக ஓடும். உயரத்திலிருந்து நிறுத்தாமல் வேகமாக இறங்கினால் உலோகம் சூடாகிக் கயிற்றின் மேலுறையைப் பளபளப்பாக்கிவிடும், அந்த இடம் பிறகு சரியாகக் கடிபடாது. பாலும் பிசினும் மணலும் துண்டுகளுக்கிடையே சேர்ந்தால் கருவி மந்தமாகும், ஆகவே ஒவ்வொரு மாலையும் தூரிகையால் துடைத்து, துண்டுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். இங்கே 1998ஆம் ஆண்டின் தூக்குக் கருவி விதிகளின்படி, ஆட்களைத் தாங்கும் கருவிகளை ஆறு மாதத்துக்கு ஒரு முறை தகுதியுள்ள ஒருவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும். வாள் எடுத்து வெட்டத் தொடங்கும் முன் இரண்டாவது பிடிமானத்தை மாட்டுவது நீங்கள் அறியாததல்ல. ஆயினும் புதுக் கருவியோடு இருக்கும் இந்த மாதங்களில், வெட்டாமல் வெறுமனே நிற்கும்போதும் அந்த இரண்டாவது பிடிமானமான லேன்யார்டை, அதாவது மரத்தைச் சுற்றி மாட்டும் குட்டைக் கயிற்றை, மாட்டிக்கொள்ளுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: நுனிக்கிளை (சிங்கப்பூர்)

என் கருத்தில் இரட்டைக் கயிற்று முறையையே விட்டுவிட்டு, அசையாத ஒற்றைக் கயிற்று முறைக்கு மாறிவிடுவது நல்லது. ஒரு மீட்டர் உயர இரண்டு மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டிய அவசியம் அதில் இல்லை, காலால் மிதித்தே ஏறிவிடலாம். கையில் இருக்கும் ஜிக்ஜாக் கருவியையே அதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் அல்லவா?

பதில்: பழைய கவட்டை (சிங்கப்பூர்)

நுனிக்கிளை தம்பி, உங்கள் கடைசி வரியை யாரும் அப்படியே செய்துவிடக் கூடாது என்பதற்காக உடனே எழுதுகிறேன். அசையாத ஒற்றைக் கயிற்றில் முழு எடையும் ஒரே கயிற்றில் கருவியின் மேல் வருகிறது, பாதியாகப் பிரிவதில்லை. அந்தக் கருவியை மட்டும் தனியாக ஒற்றைக் கயிற்றில் மாட்டவே கூடாது. அதற்கு மேலே கூடுதல் உராய்வைத் தரும் சிக்கேன் என்ற துணைக்கருவியும் இணைந்திருக்க வேண்டும். முடிச்சில் ஒற்றைக் கயிறு ஏறுபவர்கள் மேலே ரோப் ரெஞ்ச் மாட்டுவதும் இதே காரணத்தால்தான்.

இன்னொன்றும் உண்டு. கயிற்றைக் கிளையின் மேல் போட்டு, மறுமுனையை மரத்தின் அடித்தண்டில் கட்டி ஒற்றைக் கயிற்றில் ஏறினால், மேலே உள்ள கிளைக்கு ஏறுபவரின் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுமை விழும்: 90 கிலோ மனிதருக்கு 180 கிலோ வரை. இரட்டைக் கயிற்றுக்குப் போதுமென்று தேர்ந்த கிளை அதற்குப் போதாமல் போகலாம். அது நல்ல முறைதான், நானும் உயரமான மரங்களில் அப்படித்தான் ஏறுகிறேன். ஆனால் ஒரு புதுமையே கைக்குப் பழகாமல் கலங்கியிருக்கும் ஒருவருக்கு இப்போது இன்னொன்றைக் கொடுக்க வேண்டாம்.

ஓக்நிழல் அம்மா எழுதிய மாற்றுக் கருத்தை ஏற்றுக்கொள்கிறேன். என்னிடம் பயின்றவர்கள் பெரும்பாலும் முடிச்சில் ஓராண்டு மட்டுமே ஏறியவர்கள், அவர்கள் கையில் பழைய பழக்கம் ஆழமாக ஊன்றியிருக்கவில்லை. பத்து ஆண்டுகள் ஏறிய கைக்கு நீங்கள் சொல்வதே பொருந்தும் என்று தோன்றுகிறது.

கொம்பேறி (சிங்கப்பூர்), ஐந்து வாரங்களுக்குப் பிறகு

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கயிற்றை ஊறவைத்து உலர்த்தினேன். 45 மீட்டர் கயிறு ஒரு மீட்டருக்கு மேல் சுருங்கியிருந்தது. கப்பியை எடுத்துவிட்டு வளையம் வைத்த வாரை மாட்டிய அன்றே, இறக்கத்தில் சட்டென்று இறங்கி நிற்பது பெருமளவு குறைந்துவிட்டது. ஒரு சாண் என்று நினைத்தால் இப்போது ஒன்றரைச் சாணுக்குள் நிற்கிறேன். மேற்பார்வையாளரிடம் உண்மையைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. மூன்று வாரம் கீழே நிற்கவும் மாலையில் ஒரு மணி நேரம் பழகவும் அனுமதித்தார்.

ஐயா கேட்ட கேள்விக்கு எனக்கு முதலில் பதில் தெரியவில்லை. முழங்கால் உயரப் பயிற்சியை உடன் வேலைசெய்பவர் கைப்பேசியில் படம் பிடித்தார். அதைப் பார்த்தபோது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. தோளில் தட்டும் ஒவ்வொரு முறையும் என் இடக்கை வால் கயிற்றை விட்டுவிட்டுத் தட்டிய இடத்துக்குப் போகிறது. வலக்கை இறுக்குவது அதற்குப் பிறகுதான், அதுவும் இடக்கை இழந்த பிடிமானத்தை ஈடுசெய்யப் போவதைப் போல. அன்றும் இடக்கையால்தான் எறும்பைத் தட்டியிருக்கிறேன். ஆகவே பயிற்சியை மாற்றிக்கொண்டேன். தட்டியவுடன் வலக்கை விரிய வேண்டும், அந்த வலக்கையே கழுத்துக்குப் போக வேண்டும், இடக்கை அசையவே கூடாது. இரண்டாவது வாரத்தின் முடிவில் இருபதுக்குப் பதினேழு முறை சரியாக வந்தது. நான்காவது வாரத்தில் இரண்டு நாள்கள் தொடர்ந்து இருபதும் சரியாக வந்த பிறகே நான்கு மீட்டருக்குப் போனேன்.

ஓக்நிழல் தங்கை சொன்ன சாய்ந்து பார்க்கும் முறையை இப்போது ஒவ்வோர் அடிக்கும் செய்கிறேன். வயிற்றுக் கலக்கம் மறைந்தது அதனால்தான். திரும்பும்போது வலக்கையைக் கருவியின் பக்கமே கொண்டுபோகாமல், மேலே போகும் கயிற்றில் வைத்துக்கொள்கிறேன்.

முழுதும் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இந்த வாரம் முதல் முறையாக வேலைக்காக ஏறினேன். பன்னிரண்டு மீட்டர் வரை நன்றாகவே இருந்தது. பிறகு மதியம் வானம் இருண்டு, மரத்தின் சிற்றிலைகள் மடங்கத் தொடங்கின, சற்று நேரத்தில் மழையும் வந்துவிட்டது. நனைந்த கயிற்றில் கருவி எப்படி நடந்துகொள்ளும் என்று நான் தாழ்வான உயரத்தில் பழகிப் பார்த்ததில்லை. ஆகவே லேன்யார்டை மாட்டிக்கொண்டு தண்டோடு சேர்ந்து, இரண்டு விரல்களால், அங்குலம் அங்குலமாக இறங்கினேன். மீதமிருந்த கிளையை மறுநாள் காய்ந்த கயிற்றில் முடித்தேன். நனைந்த கயிற்றில் பழகியவர்கள் அதைப் பற்றியும் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பழைய கவட்டை (சிங்கப்பூர்)

வானம் இருண்டு இலை மடங்கத் தொடங்கியபோதே இறங்கியிருக்கலாம் தம்பி. மழையோடு இடியும் வரும் ஊர் இது. நனைந்த கயிற்றுக்கும் அதே முழங்கால் உயரம்தான்: ஒரு வாளித் தண்ணீரில் கயிற்றை முக்கி எடுத்து, அதில் உட்கார்ந்து, இருபது முறை. கப்பியை இன்னும் மாட்ட வேண்டாம். மாட்டும் நாளில் மறுபடி கீழிருந்தே தொடங்குங்கள்.